சி டிரைவ் எங்கே போனது? ஸ்கிராட்ச் டிஸ்க்கின் கதை, ஜீரோ கேட்டிலிருந்து

இந்த எபிசோடில் நாம் பேசப்போவது ஒரு எரர் மெசேஜின் வரலாறு. "ஸ்கிராட்ச் டிஸ்க் ஃபுல்." ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஸ்டுடியோவோ டிசைனிங் சென்டரோ வைத்திருப்பவர்களுக்கு இந்த வரியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. முகூர்த்த மாசத்துல, ஆல்பம் டெலிவரிக்கு முந்தைய ராத்திரி, சரியாக அப்போதுதான் வரும்.

இதோடு சேர்ந்து வரும் கேள்வி ஒன்று உண்டு. "காலையில சி டிரைவ்ல 90 ஜிபி காலியா இருந்துச்சு. சாயங்காலம் பார்த்தா 4 ஜிபி. நான் எதையும் சேவ் பண்ணவே இல்லையே, எங்க போச்சு?" வைரஸ் என்று சிலர் சொல்வார்கள். ஹார்ட் டிஸ்க் சாகப்போகுது என்று சிலர். பெரும்பாலும் இரண்டும் இல்லை. அந்த இடத்தை எடுத்துக்கொண்டது நீங்கள் திறந்து வைத்திருக்கும் அதே சாஃப்ட்வேர்தான். ஏன் அப்படிச் செய்கிறது என்பதற்குப் பதில் 1960களில் மான்செஸ்டரில் தொடங்கி, 1980களின் கடைசியில் அமெரிக்காவின் மிச்சிகன் வழியாக, திருச்சியில் படித்த ஒரு பொறியாளரையும் தொட்டு வருகிறது. ஆனால் முதலில் நம்ம ஊர் ஜீரோ கேட்டிலிருந்து ஆரம்பிப்போம். அதுதான் புரிந்துகொள்ளச் சுலபம்.

சென்னைத் துறைமுகத்தில் தனியான கன்டெய்னர் முனையம் வந்தது 1983-இல். அதற்கு முன்னால் சரக்கு மூட்டையாக, பெட்டியாக, பீப்பாயாக இறங்கும். ஆள் தலையில் ஏறும். கன்டெய்னர் வந்த பிறகு கணக்கே வேறு. கப்பல் நிற்கும் பெர்த் ரொம்பக் குறைவு, ரொம்ப விலை உயர்ந்த இடம். அங்கே பெட்டியை வைத்திருக்க முடியாது. அதனால் பெட்டி யார்டுக்குப் போகும். அங்கிருந்து மாதவரம், மணலி, திருவொற்றியூர்ப் பக்கம் இருக்கும் சரக்குப் பெட்டக நிலையங்களுக்குப் போகும். கப்பலுக்குத் தேவைப்படும்போது திரும்ப வரும். வருவதற்கும் போவதற்கும் கேட் ஒன்று இருக்கிறது. அந்தக் கேட் மெதுவாக நகர்ந்தால் என்ன ஆகும்? எண்ணூர் விரைவுச் சாலையில் பல கிலோமீட்டருக்கு டிரெய்லர் வரிசை. ஸ்கூல் வேன், ஆம்புலன்ஸ் எல்லாம் அதுக்கு நடுவுல. அந்தச் சாலையை அகலப்படுத்தும் திட்டம் எத்தனை வருஷம் இழுத்தது என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும்.

இப்போது இதை அப்படியே லேப்டாப்புக்குள் வையுங்கள். பெர்த் என்பது ரேம். யார்டு என்பது டிஸ்க். கேட் என்பது டிஸ்க்கின் வேகம். ஃபோட்டோ எடிட் செய்யும்போது வேலை நடப்பது பெர்த்தில். இடம் பத்தாதபோது பெட்டிகள் யார்டுக்குப் போகின்றன. இந்த யார்டுக்குத்தான் ஸ்கிராட்ச் டிஸ்க் என்று பெயர். யார்டு நிறைந்துவிட்டால் வரும் நோய் ஒன்று: இடம் காணாமல் போவது. கேட் அடைத்துக்கொண்டால் வரும் நோய் வேறு: எல்லாம் மெதுவாவது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் தேவையில்லாத பார்ட்டை வாங்கிவிட்டு, பழையபடியே தவிக்கிறார்கள்.

சரி, மான்செஸ்டருக்குப் போவோம். 1962-இல் அங்கே பல்கலைக்கழகத்தில் அட்லஸ் என்ற கணினி இயங்கத் தொடங்கியது. டாம் கில்பர்னின் குழு கட்டியது. அதில் வேகமான நினைவகம் 16 ஆயிரம் சொல் அளவுதான். அதற்குப் பின்னால் சுழலும் காந்த உருளை ஒன்று, 96 ஆயிரம் சொல். வேகமானது கொஞ்சம், மெதுவானது நிறைய. கில்பர்ன் குழு செய்தது என்னவென்றால், புரோகிராம் எழுதுகிறவருக்கு இந்த இரண்டும் ஒரே பெரிய நினைவகமாகத் தெரியும்படி செய்தார்கள். எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்பதை மெஷினே பார்த்துக்கொள்ளும். இன்றைக்கு நம்ம லேப்டாப்பில் இருக்கும் விர்ச்சுவல் மெமரிக்கு மூதாதை இதுதான்.

இதில் ஓர் ஆபத்து இருப்பதைச் சில ஆண்டுகளிலேயே கண்டுகொண்டார்கள். 1968-இல் பீட்டர் டென்னிங் அதைப் பற்றி எழுதினார். ஆங்கிலத்தில் அதற்கு வைத்த பெயர் த்ராஷிங். வேலைக்குத் தேவையான துண்டுகள் மொத்தமும் ரேமில் அடங்காவிட்டால், மெஷின் வேலை செய்வதையே விட்டுவிட்டு, துண்டுகளை உள்ளே வெளியே ஏற்றி இறக்குவதிலேயே நேரத்தைக் கழிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாகாது. ஓர் எல்லையைத் தாண்டியதும் திடீரென்று படுத்துவிடும். "நேத்து வரைக்கும் நல்லாதான் ஓடிச்சு, இன்னிக்கு மவுஸ் கூட நகரல" என்கிற புகார் இதுதான். நேற்று ஏழு ஃபைல் திறந்திருப்பீர்கள். இன்று எட்டு.

இனி ஃபோட்டோஷாப். 1987-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த தாமஸ் நோல், தன் மேக் கணினியில் சாம்பல் நிறப் படங்களைத் திரையில் காட்ட ஒரு சின்ன புரோகிராம் எழுதினார். அவருடைய தம்பி ஜான் நோல் சினிமா கிராஃபிக்ஸ் செய்யும் இன்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக்கில் வேலை செய்துகொண்டிருந்தார். இருவரும் சேர்ந்து வளர்த்ததுதான் ஃபோட்டோஷாப். அடோபி அதை 1990 பிப்ரவரியில் வெளியிட்டது, மேக்குக்கு மட்டும். தேவைப்பட்ட ரேம் 2 எம்பி. ஜிபி இல்லை, எம்பி.

இங்கதான் கதையின் திருப்பம். அந்த நாளில் மேக் இயங்குதளத்துக்கே விர்ச்சுவல் மெமரி கிடையாது. அது 1991-இல் சிஸ்டம் 7-இல்தான் வந்தது. 2 எம்பி ரேமில் ஸ்கேன் செய்த ஒரு கலர் படத்தைத் திறப்பதே கஷ்டம். இயங்குதளம் யார்டு தரவில்லை, எனவே ஃபோட்டோஷாப் தனக்கென்று ஒரு யார்டைக் கட்டிக்கொண்டது. படத்தை ஓடுகளாக வெட்டி, வேண்டிய ஓட்டை ரேமிலும் வேண்டாததை டிஸ்க்கிலும் வைத்தது. கட்டாயத்தில் பிறந்த ஏற்பாடு. அது முப்பத்தைந்து வருஷம் கழித்தும் நம்ம சி டிரைவில் உட்கார்ந்திருக்கிறது. ஆர்வம் உள்ளவர்களுக்கு ஒரு தகவல்: 1.0.1 பதிப்பின் மூல நிரல் மொத்தத்தையும் 2013-இல் அமெரிக்காவின் கணினி வரலாற்று அருங்காட்சியகம் வெளியிட்டது. சுமார் 1,28,000 வரிகள், பெரும்பகுதி பாஸ்கல் மொழியில். அவ்வளவு சின்னது.

அடுத்து விண்டோஸ். 1990களின் தொடக்கத்தில் 2.5 பதிப்பில் ஃபோட்டோஷாப் விண்டோஸுக்கு வந்தது. அந்த வேலையில் முக்கியப் பங்கு சீதாராமன் நாராயணனுடையது. திருச்சி ஆர்.இ.சி.யில் படித்தவர், இன்றைக்கு அது என்.ஐ.டி. ஃபோட்டோஷாப் திறக்கும்போது ஓடும் பெயர்ப் பட்டியலில் பல பதிப்புகளாகத் தொடர்ந்து வந்த பெயர். மற்ற எல்லாப் பெயரையும் தாண்டி அந்த நீளமான பெயர் கண்ணில் படும். அதற்கு உலகம் முழுக்க ரசிகர்கள் உண்டு. நம்ம ஊர்ல ஃபோட்டோஷாப் கத்துக்கிட்டவங்கள்ல பாதிப் பேராவது லோட் ஆகிற வரைக்கும் அந்தப் பேரை வாசிச்சிருப்பாங்க.

ஆனால் விண்டோஸுக்கு வந்ததும் ஒரு சிக்கலும் கூடவே வந்தது. விண்டோஸுக்குத் தனக்கென்று ஒரு யார்டு இருக்கிறது, பேஜ் ஃபைல் என்று. ஃபோட்டோஷாப்புக்குத் தனி யார்டு. ஒரே டிரைவ் உள்ள லேப்டாப்பில் இரண்டும் சி டிரைவில்தான். ஃபோட்டோஷாப் தனக்கு என்று ரேமில் சுமார் 70 சதவீதத்தைக் கேட்டு வைக்கும், அதுதான் வழக்கமான செட்டிங். மீதியில் விண்டோஸ், பிரவுசர், வாட்ஸ்அப், பாட்டு எல்லாம் நெருக்கிக்கொண்டு ஓட வேண்டும். அவர்களுக்கு இடம் பத்தாமல் விண்டோஸ் தன் யார்டுக்குப் பெட்டியை அனுப்பும். அதே நேரம் ஃபோட்டோஷாப்பும் அனுப்பும். ஒரே கேட். எண்ணூர் விரைவுச் சாலைதான் மறுபடியும். ஆகவே 8 ஜிபி ரேம் இருக்கும் மெஷினில் அந்த 70-ஐ 90 ஆக்கினால் வேகம் கூடும் என்று நினைப்பது தப்பு. பல சமயம் குறையத்தான் செய்யும்.

ஜிபிக்கள் எப்படிக் கரைகின்றன என்பதற்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு ஆண்டுகள் முக்கியம். 1994-இல் மூன்றாம் பதிப்பில் லேயர் வந்தது. 1998-இல் ஐந்தாம் பதிப்பில் ஹிஸ்டரி வந்தது. அதற்கு முன்னால் ஒரே ஒரு படி மட்டும்தான் பின்னால் போக முடியும். இரண்டும் டிசைனர்களுக்குப் பெரிய வரம். இரண்டும் டிஸ்க்குக்குப் பெரிய செலவு.

கல்யாண ஆல்பத்தில் விரித்த பக்கம் 12க்கு 36 இஞ்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 டிபிஐ-யில் அது 3,600க்கு 10,800 பிக்சல். மொத்தம் 3.89 கோடி பிக்சல். ஒரு பிக்சலுக்கு மூன்று பைட், ஆக வெறும் பின்னணியே சுமார் 117 எம்பி. அதன் மேல் 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த எட்டுப் படங்களை அப்படியே இழுத்துப் போடுகிறீர்கள். டிரான்ஸ்பரன்சியையும் சேர்த்து ஒவ்வொன்றும் 96 எம்பி. எட்டும் சேர்ந்து 768. ஒரு பக்கத்துக்குக் கிட்டத்தட்ட 900 எம்பி. ஐந்து பக்கத்தை ஒன்றாகத் திறந்து வைத்தால் 4.5 ஜிபி. இன்னும் ஒரு வேலையும் செய்யவில்லை. இப்போது ஹிஸ்டரி. மாறிய ஓடுகளை மட்டும்தான் அது சேர்த்து வைக்கும். ஒரு முகத்தில் பரு நீக்கினால் செலவு கொஞ்சம்தான். ஆனால் முழுப் பக்கத்துக்கும் ஒரு பிளர் போட்டால் எல்லா ஓடும் மாறிவிட்டது. 117 எம்பி அப்படியே இன்னொரு பிரதி. இப்போதைய பதிப்புகளில் வழக்கமாக 50 படிகள் வரை வைத்திருக்கும். முழுப் பக்க வேலையாகவே 50 படி செய்தால் அதுவே 5.8 ஜிபி. ஐந்து பக்கத்துக்கு 29 ஜிபி. நீங்கள் சேவ் பண்ணவே இல்லை, உண்மைதான். சேவ் பண்ணாததைத்தான் அது சேர்த்து வைத்திருக்கிறது.

ஃபிலிம் காலத்து ஸ்டுடியோவில் இந்தத் தொல்லை இல்லை. நெகட்டிவ் மேலேயே பென்சிலால் டச்சப் செய்வார்கள். தப்பாகக் கோடு போட்டால் பின்னால் போக வழியில்லை. கையில் அதற்கேற்ற நிதானம் இருந்தது. நெகட்டிவ் கவர்களை வைக்கப் பீரோ ஒன்று போதும். நான் பழைய காலத்தைப் புகழ வரவில்லை. கடல் காற்றில் அந்த நெகட்டிவ்கள் பூஞ்சை பிடித்த கதையும் உண்டு.

டிஸ்க்கின் வரலாற்றில் இன்னொரு விநோதம். கேமராக்கள் பெரிதாகிக்கொண்டே வந்த அதே காலத்தில் லேப்டாப் டிஸ்க்குகள் சின்னதாகின. பழைய லேப்டாப்பில் 1 டிபி ஹார்ட் டிஸ்க் இருக்கும், சுற்றும் தட்டு, மெதுவானது. அதைக் கொடுத்துவிட்டு வாங்கிய புது லேப்டாப்பில் 256 அல்லது 512 ஜிபி எஸ்எஸ்டி. கேட் அகலமானது, யார்டு சுருங்கியது. அந்த 512-ஐயும் விண்டோஸ் 476 என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை; கம்பெனி ஆயிரத்தால் வகுக்கிறது, விண்டோஸ் 1,024-ஆல் வகுக்கிறது, அவ்வளவுதான். டிஸ்க் விலையே உலக நிலவரத்தைப் பொறுத்து ஆடும் பொருள். 2011 கடைசியில் தாய்லாந்தில் வெள்ளம் வந்து வெஸ்டர்ன் டிஜிட்டல் தொழிற்சாலை முழுகியபோது ஹார்ட் டிஸ்க் விலை உலகம் முழுக்க ஏறியது. ரிச்சி தெருவும் தப்பவில்லை.

எஸ்எஸ்டிக்கு ஒரு குணம் உண்டு. கிட்டத்தட்ட நிறைந்துவிட்டால் எழுதும் வேகம் குறைந்துவிடும். பழையதை அழித்துப் புதியதை எழுத அதற்குள்ளேயே கொஞ்சம் காலி இடம் வேண்டும். ஆக எஸ்எஸ்டியில் இட நோய் முற்றினால் வேக நோயாகிறது. பத்தில் இரண்டு பங்கையாவது காலியாக விடுவது நல்லது.

லைட்ரூம் பற்றிச் சுருக்கமாக. 2007-இல் வந்தது. படங்களை உள்ளே வைத்துக்கொள்வதில்லை. கேட்டலாக் என்ற பதிவேடும் ப்ரிவ்யூக்களும்தான் அதனுடையவை. ஆயிரக்கணக்கான படங்களுக்கு முழு அளவு ப்ரிவ்யூ உருவாக்கச் சொன்னால் அந்த ஃபோல்டர் பல பத்து ஜிபி ஆகும். 30 நாளில் பழையதைத் தானாகக் கழிக்கும் செட்டிங் உண்டு. ஒருபோதும் கழிக்காதே என்று மாற்றி வைத்தவர்களும் உண்டு. கேட்டலாக் பேக்கப்புகளையோ அது தானாக அழிப்பதே இல்லை. கடைசி இரண்டு மூன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீங்கள்தான் அழிக்க வேண்டும்.

சரி, மெஷின் இப்போது திணறுகிறது, என்ன செய்வது? முதல் வேலை எதையும் அழிக்காமல் இருப்பது. காலி இடம் எவ்வளவு என்று குறித்துக்கொண்டு, ஃபைல்களை சேவ் செய்துவிட்டு, ஃபோட்டோஷாப்பை முழுதாக மூடுங்கள். மறுபடி பாருங்கள். 4 ஜிபி 80 ஆகிவிட்டதா? ஸ்கிராட்ச்தான் காரணம், வைத்தியம் அங்கேதான். அப்படி ஆகவில்லை என்றால், முன்பு ஃபோட்டோஷாப் கிராஷ் ஆனபோது விட்டுப்போன தற்காலிக ஃபைல்கள் இருக்கலாம். ஃபோட்டோஷாப் டெம்ப் என்று தொடங்கும் பெயரோடு டிரைவின் மேல்மட்டத்திலோ டெம்ப் ஃபோல்டரிலோ கிடக்கும். சாஃப்ட்வேர் மூடியிருக்கும்போது அவற்றை அழிக்கலாம். பிறகு ரீஸ்டார்ட். ஷட் டவுன் போட்டு ஆன் செய்வது ரீஸ்டார்ட் ஆகாது. விண்டோஸ் 8-லிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வந்த பிறகு ஷட் டவுன் என்பது பாதித் தூக்கம்தான்.

ஸ்கிராட்ச் நிறைந்து ஃபோட்டோஷாப் திறக்கவே மறுத்தால், திறக்கும்போது கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்திப் பிடியுங்கள். வேறு டிரைவைத் தேர்ந்தெடுக்கக் கேட்கும். அந்த வேறு டிரைவ் பென் டிரைவாக இருக்கக் கூடாது. வெளியே இணைக்கும் எஸ்எஸ்டி சமாளிக்கும், ஆனால் வேலை நடுவே கேபிள் ஆடினால் எல்லாம் போச்சு. வேலை நடக்கும்போதே இடம் வேண்டுமானால் எடிட் மெனுவில் பர்ஜ் என்று ஒன்று இருக்கிறது. ஹிஸ்டரியைத் துடைத்துவிடும். பின்னால் போக முடியாது என்பதை ஏற்றுக்கொண்டுதான் அதைத் தொட வேண்டும்.

இடம் தாராளமாக இருந்தும் மெதுவாக இருந்தால், டாஸ்க் மேனேஜரில் ரேமைப் பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் மெஷினைத் தொட்டுப் பாருங்கள், சூடு எப்படி என்று. இது நம்ம பகுதிக்கே உரிய விஷயம். 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாளுவது நின்று எண்ணூருக்குப் போனது. ராயபுரம் மொட்டை மாடிகளில் காயப்போட்ட துணி அதற்கு முன் எப்படி இருக்கும் என்று அங்கே இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். தூசு நிற்கவில்லை, வடக்கே நகர்ந்தது. லேப்டாப் ஃபேனும் காற்றுத் துளையும் தூசால் அடைத்தால் பிராசசர் சூடாகும். சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். இதற்குப் புது ரேம் வாங்கிப் பயனில்லை. சர்வீஸ் கடையில் திறந்து சுத்தம் செய்யக் கொடுங்க.

கடைசியாக, முதலில் எதையும் அழிக்காதீர்கள் என்று ஏன் சொன்னேன் என்பது. 2017 ஜனவரி 28 அதிகாலை, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே டான் காஞ்சிபுரம், பி டபிள்யூ மேப்பிள் என்ற இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய் கரைக்கு வந்தது. எர்ணாவூர்ப் பக்கம் ஆட்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலி சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்துக்கு வந்தது. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் போன்ற ஊர்களில் படகும் வலையும் எண்ணெயில் முழுகின. இரண்டு முறையும் எடுக்கப்பட்ட படங்கள் இழப்பீட்டுப் பேச்சில், விசாரணையில் தேவைப்பட்டவை. அப்படிப்பட்ட படங்கள் இருப்பது பெரிய அலுவலகத்து சர்வரில் மட்டும் இல்லை. கல்யாண ஆல்பம் செய்யும் அதே லேப்டாப்பில், அதே நிறைந்து வழியும் டிரைவில், பழைய ஃபோல்டர் ஒன்றிலும் இருக்கின்றன.

இடம் வேண்டும் என்று அவசரத்தில் ஆள் முதலில் கைவைப்பது ரா ஃபைல்களில்தான். பெரிதாக இருக்கும், எடிட் செய்த ஜேபெக் வேறு இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் எப்போது, எந்த கேமராவில் எடுத்தது என்ற விவரம் முழுதாக இருப்பது அசலில். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய பிரதி சுருக்கப்பட்டு, அந்த விவரங்கள் நீங்கி வரும். முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு, 2024 ஜூலையிலிருந்து பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-ஆவது பிரிவு: டிஜிட்டல் ஆவணத்தை நீதிமன்றத்தில் வைக்கச் சான்றிதழ் வேண்டும், புதிய படிவத்தில் அந்த ஃபைலின் ஹாஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும். ஹாஷ் என்பது ஃபைலின் கைரேகை போல. ஒரு பைட் மாறினாலும் மாறிவிடும்.

எனவே அழிக்கும் வரிசை இப்படி இருக்கட்டும்: விட்டுப்போன டெம்ப் ஃபைல்கள், பிறகு ப்ரிவ்யூக்கள், பிறகு பழைய கேட்டலாக் பேக்கப்புகள். வாடிக்கையாளர் ஆல்பத்தை வாங்கிக்கொண்டு போன பழைய பிஎஸ்டிக்கள் அதற்குப் பின். அசல் படங்களை மட்டும், வெளியே இரண்டு டிரைவில் பிரதி எடுத்து, இரண்டையும் திறந்து பார்த்த பிறகுதான் லேப்டாப்பிலிருந்து எடுக்க வேண்டும். அந்த இரண்டில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். தரைத்தளத்தில் வேண்டாம். டிசம்பர் மாசம் நம்ம தெருக்கள் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும்.